நோயின் தடமும் நோயாளியின் தடமும்

2024 டிசம்பரில், முள்ளிவாய்க்கால் கடலில் மீனவர்கள் கண்டு சொன்ன ஒரு படகை இலங்கைக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிஞ்சா மக்கள் நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். குழந்தைகளும் பலர். அவர்கள் சில நாட்களில் முல்லைத்தீவு கேப்பாபுலவு விமானப்படை முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலர்களுக்கே அங்கு முதலில் அனுமதி கிடைக்கவில்லை. திருப்பி அனுப்பும் பேச்சும் எழுந்தது. அப்படிப்பட்ட பேச்சு எழும் இடமெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வரும்: இவர்கள் என்ன நோயைக் கொண்டுவந்தார்களோ?

அந்தப் படகில் காசநோய் இருந்தது என்று இங்கே சொல்ல வரவில்லை. ஆனால் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. மருந்துக்கு அடங்காத காசநோயின் சுமை மிகுந்தவை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட 30 நாடுகளில் மியன்மாரும் பங்களாதேஷும் இந்தியாவும் உண்டு. இலங்கை இல்லை. அந்த நல்ல நிலை காக்கப்பட வேண்டும். எல்லை தாண்டும் கிருமி எங்கிருந்து வந்தது, யாரைத் தொட்டது என்று தேடுவதும் அரசின் கடமைதான். ஆனால் தேடிக் கண்டது வைத்தியரின் கையை விட்டுக் குடிவரவு அதிகாரியின் மேசைக்குப் போகக்கூடாது. நோயாளி என்று அறியப்பட்டவரைச் சிகிச்சை முடியுமுன் நாட்டைவிட்டுத் தள்ளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் உறுதி தராத அரசுக்கு ஒருவரின் சளியைச் சோதனைக்குக் கேட்கும் தகுதி இல்லை.

காசநோயின் இயல்பே இதற்குச் சாட்சி. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்திலேயே இருமல் அடங்கும், உடம்பு தேறும், இனி எதற்கு மாத்திரை என்று தோன்றும். நிறுத்தினால், எஞ்சிய கிருமிகளில் முதன்மை மருந்துகளான ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியசிட்டுக்கும் அடங்காதவை தலையெடுக்கலாம். அவை இருமல் வழியாக அடுத்தவர் நெஞ்சுக்குப் போகும்போது அந்த வலிமையோடேயே போகின்றன. ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடாதவரையும் அவை பிடிக்கும். இப்படி மருந்துக்கு அடங்காத நோய்க்கான சிகிச்சை அண்மைக்காலம்வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்டது. காதைக் கெடுக்கும் ஊசிகளும் அதில் இருந்தன. 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த, பெடாகுயிலின் மருந்து சேர்ந்த முறை அதை ஆறு மாதமாகக் குறைத்திருக்கிறது. ஆனாலும் அந்த ஆறு மாதமும் நோயாளி ஒரு வைத்தியரின் கண்பார்வையில் இருக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பேர்ட் கருவி ரிஃபாம்பிசின் எதிர்ப்பை இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். ஆனால் சளி கொடுக்க ஆள் வர வேண்டுமே! பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர் வரமாட்டார். இருமலை அடக்கிக்கொண்டு பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்திருப்பார்.

2016இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது இங்கே நினைக்கத்தக்கது. சோமாலியா, எரித்திரியா, எத்தியோப்பியா நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்த சிலரிடம் ஒரே வகையான, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி இருந்தது. ஐரோப்பிய நாடுகளின் ஆய்வகங்கள் கிருமியின் மரபணுக்களை ஒப்பிட்டு, நோயாளிகளின் பயணவழியையும் கேட்டறிந்தன. தடம் போய் நின்றது லிபியாவில். ஆட்கடத்தல்காரர்கள் மனிதரை அடைத்துவைக்கும் பனீ வலீத் என்ற ஊரின் மேல் ஐயம் விழுந்தது. நோய் அவர்களின் பிறந்த மண்ணோடு வந்ததாகத் தெரியவில்லை. நெரிசலில் அடைக்கப்பட்டதால் வந்தது என்றே தோன்றியது. நேர்மையாகத் தடம் பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் முகாம்தான் நிற்கும். இதைக் கண்டறிய முடிந்ததற்குக் காரணமே, அந்த நோயாளிகள் வைத்தியரை நம்பி வழியைச் சொன்னதுதான்.

திருகோணமலை மாவட்டத்து மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இது அன்னியர் கதை அல்ல. அங்கிருந்து வளைகுடாவுக்கு உழைக்கப் போகிறவர்களுக்கு, மெடிக்கல் எக்ஸ்ரேயில் பழைய காசநோய் வடு தெரிந்தாலே அன்ஃபிட். போன இடத்தில் நோய் கண்டால் ஊருக்கு அனுப்பிவிடும் நாடுகளும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு நடக்கும்போது அநியாயம் என்று கொதிப்பதை, நம் துறைமுகத்துக்கு வந்தவருக்கு நாமே செய்யலாமா? நோயின் பெயரால் அரசு அத்துமீறும்போது என்ன ஆகும் என்பதும் இந்த மாவட்டம் அறியாததல்ல. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை 2020 முதல் 2021 பெப்ரவரி வரை, உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையையும் மீறி, இந்நாடு கட்டாயமாக எரித்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்த நம்பிக்கை அதனால் திரும்பிவிடவில்லை.

ஊராருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற நியாயம் உண்டு. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகாதீர்கள், அங்கே இருப்பவர் வெளியேறாதீர்கள் என்று நபிகளார் சொன்னதாக ஹதீஸ் உண்டு. இருமலோடு வந்தவரைச் சில வாரம் காற்றோட்டமான தனியறையில் வைப்பதில் தவறில்லை. அது முள்வேலிக்கு அனுமதி ஆகாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்து மருந்து உண்டவர்களையும் சானடோரியத்தில் கிடந்தவர்களையும் ஒப்பிட்டது. இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தார்கள், வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்று 1959இல் உலகுக்குச் சொன்னது. குணமாக்கியது மருந்து. சுவர் அல்ல.

நம் முன்னோர் இதை எப்போதோ தெளிந்திருந்தார்கள். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்குமான வைத்தியத்தைத் தன் ஆட்சி எல்லைக்கு அப்பால் சோழர், பாண்டியர் நாடுகளிலும் தாமிரபரணி என்னும் இலங்கை வரையிலும் ஏற்பாடு செய்ததாகக் கூறுகிறது. மணிமேகலையில் காயசண்டிகை எங்கிருந்தோ வந்து, யானைத்தீ என்ற தீராப்பசி நோயோடு புகார் நகரில் அலைகிறாள். அமுதசுரபியின் உணவு அவளைக் குணமாக்குகிறது. அதே காவியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. மருந்து என்ற அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என நான்கைச் சொல்கிறார். அந்த நான்கில் காவலருக்கு இடம் இல்லை.

திருகோணமலையின் பாராளுமன்ற உறுப்பினர்களும் பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களும் சுகாதார அமைச்சிடம் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும். மார்புநோய் சிகிச்சை நிலையத்தின் பதிவேடு எந்த நாடுகடத்தலுக்கும் பயன்படாது என்ற உறுதி அது. முகாமில் இருப்பவருக்கும் வெலிசறை தேசிய சுவாசநோய் வைத்தியசாலையின் கதவு திறந்திருக்க வேண்டும். சிகிச்சை நடுவில் தாமாக நாட்டைவிட்டுப் போகிறவர் கையில் போதிய மருந்தும், அடுத்த நாட்டு வைத்தியருக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த படகு கரையைத் தொடுமுன் அந்த உறுதி கைக்கு வரட்டும்.