மறதி நடந்து வரும் பாதை

மொன்றியலில் நினைவுக் குறைபாட்டைப் பார்க்கும் சிகிச்சை நிலையத்துக்குப் போனால், வயதானவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுப்பார்கள். வட்டமாக ஒரு மணிக்கூடு வரையுங்கள், உள்ளே எண்களை எழுதுங்கள், முள்ளுகளைப் பதினொன்று பத்துக்கு வையுங்கள். கூட வந்த பிள்ளைகள் இதை நேர்சரி வேலை என்று நினைத்துச் சிரிப்பதுண்டு. ஆனால் அந்த நேரம் யோசித்துத் தெரிந்தெடுத்தது. பத்து நிமிடம் என்றால் பெரிய முள் 2இல் நிற்கவேண்டும். காதில் விழுந்த 'பத்து' கையை 10 பக்கம் இழுக்கும். அந்த இழுப்பை அடக்கி, கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு, பத்தை இரண்டாக மாற்றிப் போடுவதற்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி வேலை செய்யவேண்டும். அங்கே பழுது தொடங்கியிருந்தால் முள் நேரே 10இல் போய் நிற்கக்கூடும்.

இந்தத் தேர்வின் பெயரிலேயே ஊரின் பெயர் இருக்கிறது. மொன்றியல் கொக்னிற்றிவ் அசெஸ்மென்ற், சுருக்கமாக மோக்கா. ஸியாட் நஸ்ரெதீன் என்ற நரம்பியல் மருத்துவர் 1996இல் இங்கே உருவாக்கியது. பத்து நிமிடம், 30 புள்ளிகள், 26 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பொதுவாகக் கவலையில்லை. அதுவரை உலகெங்கும் 1975ஆம் ஆண்டின் மினி மென்ரல் தேர்வைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். 2005இல் நஸ்ரெதீனும் கூட்டாளிகளும் இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். நோய் முற்றாத, லேசான குறைபாடு உள்ளவர்களில் 100க்கு 18 பேரைத்தான் பழைய தேர்வு இனங்கண்டது. மோக்கா 90 பேரை இனங்கண்டது.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இந்தத் தேர்வை வைக்கும்போது சில சிக்கல்கள் உண்டு. பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிப் போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று, மொன்றியலின் கோட்-டே-நேஜில் பேரப்பிள்ளைகளை வளர்த்த ஒரு அம்மாவுக்கு அந்த ஒரு புள்ளி எந்த மூலைக்கு? பென்சிலே அதிகம் பிடிக்காத கை, தேர்வில் வரும் கனசதுரத்தை எப்படிப் பார்த்து வரையும்? இதை உணர்ந்துதான் படிப்பு வாய்க்காதவர்களுக்கென்று மோக்கா பேசிக் என்ற வடிவத்தை 2015இல் வெளியிட்டார்கள். மோக்காவுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. கேட்டால்தான் எடுத்து வைப்பார்கள், ஆகவே கேளுங்கள். அதேபோல உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மகனோ மகளோ பெயர்த்துச் சொன்னால், தாய் திணறிச் சொன்ன பதிலைத் தம்மை அறியாமலே நேராக்கிச் சொல்லிவிடுகிறார்கள். பாசம்தான், ஆனால் மருத்துவருக்குப் போய்ச் சேருவது தாயின் பதில் அல்ல.

புள்ளி குறைந்தவுடன் அல்சைமர் என்று முடிவு கட்டவும் கூடாது. பி12 விற்றமின் குறைவு, தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு, நித்திரைக் குளிசை, காது கேளாமை எல்லாம் இதே முகத்தோடு வரும். இவற்றில் பலவற்றைத் திருத்தலாம். மூளையின் இரத்தக் குழாய் பழுதாலும் மறதிநோய் வரும். சர்க்கரையும் பிறசரும் வீட்டுக்கு வீடு உள்ள எங்கள் சமூகத்தில் அதை மறக்கவே கூடாது. "அறளை பெயர்ந்திட்டுது" என்று சிரித்து விட்டுவிடுவதால் திருத்தக்கூடியதும் திருத்தப்படாமலே போய்விடுகிறது.

மோக்காவில் எனக்கு முக்கியமாகப் படுவது மணிக்கூடு அல்ல, ஐந்து சொற்கள். வாசித்துக் காட்டுவார்கள், திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், வேறு வேலை கொடுத்து ஐந்து நிமிடம் போனபின் மறுபடி கேட்பார்கள். அல்சைமர் தொடங்கியவர் உடனே கேட்டால் சொல்லிவிடுவார். ஐந்து நிமிடம் கழித்துச் சொற்கள் மட்டுமல்ல, சொற்கள் தரப்பட்டன என்பதே போய்விட்டிருக்கும். ஏன் என்பதற்கான விடையின் பெரும்பங்கும் இந்த ஊரில் இருந்தே வந்தது.

வைல்டர் பென்ஃபீல்ட் 1934இல் தொடங்கிய மொன்றியல் நரம்பியல் நிலையத்தில், 1950 முதல் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களில் இருவர் சிகிச்சைக்குப் பின் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாதவர்கள் ஆனார்கள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட்டில் ஸ்கோவில் என்ற மருத்துவர் 1953இல் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்புக்காகச் செய்த அறுவையின் விளைவும் அதுவே. இரு பக்கத்துக் காதுகளுக்கும் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் புதிய நாள் எதுவும் தங்கவில்லை. மில்னர் மொன்றியலில் இருந்து போய் அவரைச் சோதித்தார். 1957இல் ஸ்கோவிலோடு சேர்ந்து எழுதிய கட்டுரை நினைவு பற்றிய அறிவியலைத் திருப்பிப் போட்டது. ஹிப்போகாம்பஸ் ஒரு பதிவுக் கந்தோர் மாதிரி. பழைய உறுதிகள் வேறு இடங்களில் பத்திரமாகக் கிடக்கும், ஆனால் அங்கே பதியாமல் புதிய உறுதி எதுவும் செல்லாது.

மில்னர் அதோடு நிற்கவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். யாருக்கும் முதலில் கை தடுமாறும் வேலை. மூன்று நாள் செய்யச் செய்ய மொலைசனின் கை நன்றாகப் பழகியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் தாளைப் புதிதாகப் பார்ப்பதுபோலவே பார்த்தார். கைக்கு ஒரு நினைவு, நடந்ததைச் சொல்வதற்கு வேறொரு நினைவு. மூளை இரண்டையும் வேறுவேறு இடங்களில் வைத்திருக்கிறது.

மறதிநோய் உள்ளவரைப் பராமரிக்கும் வீடு தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது என்பேன். அல்சைமர் மூளையை ஒரே நாளில் மூடுவதில்லை. ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற ஜெர்மானியத் தம்பதியர் 1991இல் காட்டியபடி, டவ் என்ற புரதம் முறுக்கிச் சிக்குண்டு நரம்புக் கலங்களை அழிப்பது பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் நடக்கிறது. முதலில் ஹிப்போகாம்பசின் வாசற்பகுதி, அடுத்து ஹிப்போகாம்பஸ், பின் சொல்லும் திசையும் திட்டமும் கூடும் மேற்பரப்புகள். கைகாலை அசைக்கும் பகுதியும், தொடுகையை உணரும் பகுதியும் கடைசியில்தான் கெடுகின்றன. அமிலொயிட் என்ற இன்னொரு புரதமோ அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடங்களுக்கு முன்னரே படியத் தொடங்கிவிடுகிறது. காலையில் சாப்பிட்டது தெரியாத அம்மா வெங்காயத்தை மெல்லிசாக அரிவதும், பேரனின் பெயர் வராதவர் தேவாரத்தை ஒரு சொல்லும் பிசகாமல் பாடி முடிப்பதும் இதனால்தான். நடிப்பில்லை, பிடிவாதமும் இல்லை. ஆகவே கத்தியை ஒளித்துவைத்து அவரைச் சும்மா இருத்துவதைவிட, மரக்கறி ஆய, கீரை கிள்ள, பூக் கட்ட விடுவது நல்லது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

நோய் தொட நெடுநாள் எடுக்கும் இன்னொன்றும் உண்டு. 2014இல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படத் துண்டுகளையும், பிறகு மகிழ்ச்சியானவற்றையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் படத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் நினைவில்லை. சோகமோ மகிழ்ச்சியோ அரை மணி நேரம் வரைக்கும் போகவில்லை. காரணம் மறந்துவிட்டது, கவலை மட்டும் மிஞ்சியது. காலையில் ஏசிய ஏச்சு மத்தியானம் வரைக்கும் முகத்தில் நிற்பது இப்படித்தான்.

"அப்பா எங்கை?" என்று அம்மா கேட்கிறார். அப்பா செத்துப் பத்து வருடம். ஒவ்வொரு முறையும் "அவர் செத்துப்போனார் அம்மா" என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. அவர் அழுவார், செய்தியை மறப்பார், துக்கம் மட்டும் நிற்கும், பிறகு மறுபடி கேட்பார். பொய் சொல்லலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மையைச் சொல்வதற்கு ஒரு பயன் இருக்கவேண்டும். இங்கே அது பதிவாகப் போவதில்லை. "அப்பாவை நினைச்சுக்கொண்டு இருக்கிறியளோ? அவருக்கு உங்கடை மீன்குழம்பு எண்டால் உயிர்" என்று அவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவது பொய்யும் இல்லை, கொடுமையும் இல்லை.

பின்னேரம் வேறொரு கேள்வி வரும். மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடும். மொன்றியலில் டிசெம்பர் நடுவில் சூரியன் மறைவது 4 மணி 10 நிமிடம் அளவில். ஊரில் கோழி கூட்டுக்குப் போகாத நேரத்தில் இங்கே இருட்டிவிடும். "நேரம் போட்டுது, நான் வீட்டை போகோணும்" என்று சப்பாத்தைத் தேடுவார். வீடு என்பது பெரும்பாலும் இங்குள்ள பார்க்-எக்ஸ்ரென்ஷன் அப்பார்ட்மென்ற் அல்ல, வேலியும் பனையும் உள்ள வேறொன்று. "இதுதானே அம்மா வீடு" என்று வாதாடி யாரும் வென்றதாகக் கேள்விப்பட்டதில்லை. மூன்று மணிக்கே விளக்குகளைப் போட்டு, திரைகளை இழுத்துவிட்டால் பதற்றம் குறையக்கூடும். "போவம், முதல்லை தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்பதும் பெரும்பாலும் வேலை செய்கிறது. அதற்கு மேலும் கதவைத் திறந்து போய்விடக்கூடியவர் என்றால் கதவுக்கு மணி பூட்டுங்கள், பக்கத்து வீட்டாரிடம் வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள். சைபருக்குக் கீழே 20 பாகையில் மெல்லிய சட்டையோடு வெளியே போன முதியவருக்கு அதிக நேரம் இல்லை. காணவில்லை என்று தெரிந்தவுடன் 911ஐ அழையுங்கள், சொந்தக்காரருக்கெல்லாம் போன் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மொழி பற்றியும் மொன்றியல் ஒன்று சொல்லியிருக்கிறது. ரொறன்ரோவில் எலன் பியலிஸ்ரொக் 2007இல், இரு மொழி பேசுவோருக்கு மறதிநோய் அறிகுறிகள் நான்கு வருடமளவு பிந்துவதாக எழுதினார். மோக்கா ஆய்வில் பெயருள்ள ஹொவார்ட் சேர்ட்கோவ், தெருவுக்குத் தெரு இரு மொழி கேட்கும் மொன்றியலில் 2010இல் இதைச் சோதித்தபோது கதை சிக்கலாகியது. இங்கேயே பிறந்து ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுவோரிடம் அந்தப் பயன் தெளிவாகத் தெரியவில்லை. குடியேறி வந்தவர்களிடமும், இரண்டுக்கு மேல் மொழி பேசுவோரிடமும் தெரிந்தது. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி 648 நோயாளிகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் நாலரை வருட இடைவெளி இருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம்கூட. பிந்தும் என்பதுதான் பேச்சு, வராது என்பதல்ல.

வந்தபின் மொழிகள் பெரும்பாலும் கற்ற ஒழுங்குக்கு எதிராகக் கழன்று போகின்றன. நாற்பது வயதில் தொழிற்சாலையில் பொறுக்கிய பிரெஞ்சு முதலில் போகும், பிறகு ஆங்கிலம். தமிழ் நிற்கும், அதுவும் சின்ன வயதுத் தமிழ். இப்படிப்பட்டவரை அரசாங்க நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில், இங்கே எல்லோரும் சொல்வதுபோல் சேஆஷ்எஸ்எல்டேயில், விடவேண்டி வந்தால் அவரைக் குளிக்கவார்க்கும் பிரெபோசே என்ற பராமரிப்புப் பணியாளருக்கு ஒரு சொல்லும் விளங்காது. அதை அவர்கள் 'கிளர்ச்சி' என்று கோப்பில் எழுதுவார்கள். பாதி நேரம் அது நோவு, அல்லது குளிர், அல்லது ஆண் பணியாளர் சேலையைக் களையக் கைவைத்ததால் வந்த மானப் பயம். ஆகவே கட்டிலுக்கு மேல் ஒரு தாள் ஒட்டுங்கள்: நோகுது, பசிக்குது, தண்ணி, குளிருது, ஒண்டுக்குப் போகோணும். பிரெஞ்சு எழுத்தில் உச்சரிப்பும் பொருளும். பெண் பணியாளர்தான் குளிக்கவார்க்க வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். 2024இல் கனேடிய அல்சைமர் சங்கம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2050இல் இந்நாட்டில் மறதிநோய் வருவோரில் நால்வரில் ஒருவர் ஆசிய வம்சாவளியினராக இருப்பார். இந்தத் தாள் உங்கள் அம்மாவோடு முடியும் விஷயம் அல்ல.

சட்டத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கியூபெக்கில் சாதாரணப் பவர் ஒஃப் அற்றோர்னி, எழுதியவர் தன் நிதானத்தில் இருக்கும்வரைக்குமானது. நிதானம் போனபின் பிள்ளை தாயின் சார்பில் முடிவெடுக்க உதவுவது 'மண்டா டு ப்ரொதெக்சியோன்' என்ற பாதுகாப்பு ஆணைப்பத்திரம். அதை நொத்தாரிசு முன்னிலையிலோ இரு சாட்சிகள் முன்னிலையிலோ, அவர் விளங்கிக் கையெழுத்திடக்கூடிய காலத்திலேயே எழுதவேண்டும். பிறகு தேவை வரும்போது மருத்துவ மதிப்பீடும் சமூகப் பணியாளர் மதிப்பீடும் சேர்த்து அது உறுதிப்படுத்தப்பட வேண்டும், உடனே நடைமுறைக்கு வராது. லேசான குறைபாடு என்று மருத்துவர் சொல்லும் காலம்தான் இதற்கான காலம்.

உதவிக்கு முதல் கதவு உங்கள் வட்டாரச் சிஎல்எஸ்சி என்ற சமூக சுகாதார நிலையம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 811ஐ அழையுங்கள். அங்கிருந்து சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, குளிப்பாட்ட ஆள் வேண்டுமா, நீங்கள் ஓய்வெடுக்க வாரத்தில் சில மணி நேரம் யாராவது வந்திருக்க வேண்டுமா என்று பார்ப்பார். 2020 ஒக்டோபரில் நிறைவேறிய சட்டத்தின்படி, பராமரிப்பவரின் தேவைகளும் இங்கே கணக்கில் எடுக்கப்படவேண்டியவை. அந்தப் பணியாளர் முன்னால் இருக்கும்போது எங்கள் ஆட்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "பிரச்சினை இல்லை, நாங்கள் சமாளிக்கிறம்" என்பார்கள். மருமகள் மூன்று மாதமாக ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை என்பது யார் வாயிலும் வராது. பணியாளர் எழுதுவது நீங்கள் சொன்னதைத்தான், உதவி மணித்தியாலங்கள் கிடைப்பது அவர் எழுதியதைப் பொறுத்துத்தான். இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், எத்தனை தடவை படுக்கை மாற்றினீர்கள், வேலைக்கு எத்தனை நாள் லீவு போட்டீர்கள் என்று ஒரு கிழமை கொப்பியில் குறித்து வைத்து, அதை அவர் கையில் கொடுங்கள்.