பிக்கப் என்னும் தன்வேதனை

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் இறங்கி ரசல் மார்க்கெட்டைத் தாண்டி நடப்பவருக்கு முதலில் மல்லிகை மணக்கும், அப்புறம் மீன், அப்புறம் கிரீஸ். கிரீஸ் வாசனை தொடங்கும் இடம் குஜ்ரி. விபத்தில் நசுங்கியதும் வயதாகி ஓய்ந்ததுமாகப் பழைய வண்டிகள் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடக்கும் சந்துகள் அவை. தமிழில் விலை கேட்டால் தக்கனியில் பதில் வரும், கன்னடத்தில் பேரம் முடியும். அங்கே ஒரு த்ராட்டில் பாடியைக் கையில் எடுத்து, நடுவே இருக்கும் வட்டத் தகட்டை விரலால் தள்ளிப் பார்க்கலாம். வழவழவென்று சாயும்; விட்டால் ஸ்பிரிங் இழுத்து ‘டக்’ என்று மூடிக்கொள்ளும். எஞ்சினுக்குள் போகிற காற்று இந்த ஒரு வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். வாசலைப் பெரிதாக்கினால் வண்டி பறக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களின் பழைய நம்பிக்கை. பெரியதைப் பூட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தவரைக் கேட்டால், “பிக்கப் ஏறிடுச்சு பாய்” என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கண்டது என்ன?

மெக்கானிக்குகள் டீ குடித்தபடி பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி போலத்தான் இது தெரியும். தமிழ்ச் சமயவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியதும் இதே கேள்வியோடுதான். ஒருவர் தாம் அனுபவித்ததைச் சொல்லும்போது, அதிலிருந்து எதுவரை ஒப்புக்கொள்ளலாம்?

முதலில் இரும்புக் கணக்கு. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாசலை 80 ஆக்கினால் பரப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுகிறது. பெடலைக் கால்வாசி அழுத்தும்போது முன்பைவிட அதிக இடைவெளி திறக்கும், காற்று கூடுதலாகப் பாயும், வண்டி துள்ளும். பெடலைத் தரையோடு அழுத்திவிட்டால் கணக்கு வேறு. பழைய வாசலே எஞ்சின் கேட்ட காற்றைத் தடையில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், புதிய வாசலால் கூடுதலாக ஒன்றும் வரப்போவதில்லை. முன்பு பெடலை அரைவாசி அழுத்திப் பெற்றதை இப்போது கால்வாசியில் பெறுகிறார், அவ்வளவுதான். உச்சக் குதிரைத்திறன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலுக்குத் தெரிந்தது பெடலின் மாற்றம். வாய் சொன்னது எஞ்சினின் மாற்றம்.

இனி சமயவாதிகள். 13-ஆம் நூற்றாண்டுச் சைவரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில், அதாவது தம் கொள்கையை நிறுவும் பகுதியில், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பற்றிப் பேசிவிடுகிறார். எதைக் கொண்டு அறிகிறோம் என்பதைத் தீர்க்காமல் எதை அறிந்தோம் என்று வாதாடுவது அவருக்குச் சரிப்படவில்லை. பிறர் ஆறு என்றும் பத்து என்றும் அடுக்கிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். காண்டலையும் நான்காகப் பிரித்தார். பொறிகளால் காண்பது ஒன்று, மனத்தால் காண்பது ஒன்று, யோகத்தால் காண்பது ஒன்று. மற்றொன்றுக்குத் தன்வேதனைக் காட்சி என்று பெயர். இங்கே வேதனை என்றால் வலி என்று கொள்ள வேண்டாம். உணர்வு என்று பொருள். தன் இன்ப துன்பத்தைத் தானே அறிவது அது.

இந்தப் பகுப்பில் ஒரு தாராளம் இருக்கிறது. “எனக்கு இன்பமாக இருந்தது” என்பவரை, அது வெறும் பிரமை என்று சைவர் விரட்டிவிடவில்லை. அதுவும் காட்சிதான் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஆனால் நாற்காலிக்கு ஓர் எல்லை உண்டு. அந்தக் காட்சிக்குப் பொருள் அந்த இன்பம் மட்டுமே. இன்பத்துக்குக் காரணம் இன்னது என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிய கணத்தில் அவர் காண்டலை விட்டுக் கருதலுக்குள் காலை வைத்துவிட்டார். கருதலுக்கு வேறு சட்டதிட்டம்.

சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சினில் இந்த வழக்கு இன்னும் சுவையாகிறது. ஏனென்றால் அங்கே நம்பிக்கைக்காரர் சொல்வது சரியாகவும் இருந்துவிடலாம். 1860-இல் அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் உரிமம் பெற்ற ஊதுகருவியின் (ப்ளோயரின்) வம்சத்தில் வந்ததுதான் இன்றைய ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். எஞ்சினே பெல்ட்டால் சுழற்ற, அது காற்றை உள்ளே திணிக்கும். 2007-ஆம் ஆண்டு ஃபோர்டு ஷெல்பி ஜிடி500-இல் 5.4 லிட்டர் எஞ்சின் மேல் ஈட்டன் கம்பெனியின் ப்ளோயர் உட்கார்ந்திருந்தது, 500 குதிரைத்திறன். த்ராட்டில் அந்த ப்ளோயருக்கு முன்னால் இருக்கிறது. அதனால் வாசலில் ஏற்படும் சின்னத் தடையைக்கூட ப்ளோயர் பெருக்கிவிடும். உள்ளே வருகிற அழுத்தத்தை 1.6 மடங்காக்கும் ப்ளோயர் என்று வைத்துக்கொண்டால், வாசலில் அரை பிஎஸ்ஐ அழுத்தம் தொலைந்தால் மறுபக்கம் 0.8 பிஎஸ்ஐ தொலைகிறது. சாதாரண எஞ்சினில் பொருட்படுத்தத் தேவையில்லாத தடை, இங்கே வட்டியோடு கணக்கில் ஏறும்.

பெங்களூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே வண்டி சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் ஒரு மாதிரியும் சிவாஜிநகரில் ஒரு மாதிரியும் இழுப்பது ஓட்டுபவரின் மனப்பிரமை அல்ல. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது என்ற இதே தொல்லையைத் தீர்க்கத்தான் விமான எஞ்சின்களுக்கு சூப்பர்சார்ஜர் வைத்தார்கள். பெங்களூரில் 1940-இல் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலை 1943-இல் அமெரிக்க வான்படையின் பொறுப்புக்குப் போனது. அந்நாளில் பெல்லந்தூர் ஏரியில் கேடலினா பறக்கும் படகுகள் இறங்கும். செப்பனிட அங்கிருந்து ஆலைக்கு இழுத்து வருவார்கள். அவற்றின் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களில் சூப்பர்சார்ஜர் உள்ளேயே இருந்தது.

சரி, வாசல் தடுக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய சாதனம் வேண்டாம். இரண்டு மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், பாதி தண்ணீர், துளி மை. யூ வடிவில் பலகையில் கட்டி, ஒரு முனையைத் த்ராட்டிலுக்கும் ப்ளோயருக்கும் நடுவே செருகி, மறுமுனையைத் திறந்தே விட வேண்டும். பெடலை முழுக்க அழுத்தி உச்ச ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால், எஞ்சின் உறிஞ்சுகிற பக்கத்தில் தண்ணீர் மேலேறும். இரு பக்க மட்டத்துக்கும் 35 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அதுதான் அந்த அரை பிஎஸ்ஐ. வித்தியாசம் இரண்டு விரற்கடை மட்டும் என்றால் புதிய வாசலுக்கு வைத்திருந்த காசை டயருக்குச் செலவிடலாம். அடுத்து ஏர் பில்டரை மட்டும் கழற்றிவிட்டு இன்னொரு முறை. தண்ணீர் அப்போது இறங்கினால் குற்றவாளி த்ராட்டிலே அல்ல.

திறன் அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தேன், தாளே இருக்கிறது என்பார் இன்னொருவர். தாளைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம். டைனோ அளந்ததை அப்படியே அச்சிடுவதில்லை. எஸ்ஏஇ ஜே1349 போன்ற விதியைக் கொண்டு, 25 டிகிரி வெப்பத்தில் 99 கிலோபாஸ்கல் உலர்ந்த காற்றில் ஓடியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று திருத்தி அச்சிடுகிறது. பாதி காண்டல், பாதி கருதல். தவிர, ப்ளோயர் சூடேறச் சூடேறக் காற்றும் சூடாகித் திறன் இறங்கும். பழையதை வெயில் உச்சியில் மூன்றாவது ஓட்டமாகவும், புதியதை மறுநாள் காலைக் குளிரில் முதல் ஓட்டமாகவும் ஓட்டினால் குஜ்ரியில் கிடைக்கும் எந்தத் தகரமும் ஜெயிக்கும்.

அதற்காகக் கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்று முறுக்கிக்கொள்வதிலும் பயன் இல்லை. மணிமேகலையில் அப்படி ஒருவர் வருகிறார். வஞ்சியில் சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்டுவரும் மணிமேகலை, காட்சி ஒன்றே போதும் என்ற பூதவாதியிடம் சிரித்துக்கொண்டே, உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்று மடக்கிவிடுகிறாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அந்த அனுமானத்தின், அதாவது கருதலின், இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். மலையில் புகை, ஆகவே நெருப்பு, அடுக்களையைப் போல. அந்த வாதத்தின் பலம் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது: நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லை என்றும் காட்டியாக வேண்டும்.

த்ராட்டில் விஷயத்தில் அந்த இன்னொரு பக்கம் என்பது, பழையதைத் திரும்பப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது. யாரும் செய்வதில்லை. நான்கு போல்ட், ஒரு கேஸ்கெட், அரை மணி வேலை. இருந்தும் செய்வதில்லை.

குஜ்ரிக்கு அருகிலேயே தூய மரியன்னை பேராலயம் நிற்கிறது. இன்றைய கோதிக் கட்டடம் 1882-இல் எழுந்தது. பேராலயம் என்ற தகுதி 1973-இல் வந்தது. செப்டம்பர் 8 திருநாளுக்கு முன்பிருந்தே தெருக்கள் காவி உடுத்தியவர்களால் நிறையும். பிற மதத்தாரும் வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வேண்டுதல் பலித்தவர் காணிக்கை கொண்டுவருகிறார். பலிக்காதவர் கையை வீசிக்கொண்டு வீட்டில் இருக்கிறார், அவர் கதை எந்தச் சுவரிலும் ஏறாது. கிரேக்க நாத்திகர் தியாகரசைப் பற்றி சிசரோ ஒரு கதை சொல்கிறார். புயலில் தப்பியவர்கள் நேர்ந்து மாட்டிய படங்களை நண்பர் காட்ட, முழுகிப்போனவர்களின் படம் எங்கே என்று அவர் கேட்டாராம்.

குத்தலான கேள்விதான். ஆனால் பேராலயத்துப் படியில் அழுதுவிட்டு எழுந்துபோகும் பெண்ணிடம் அதைக் கேட்பது அசட்டுத்தனம். மனம் லேசானது என்கிறாள் அவள். அது தன்வேதனை, அங்கேயே முடிந்துவிட்ட காட்சி. அவள் எதையும் அளக்க வரவில்லை. த்ராட்டிலுக்கு விலை சொல்பவர் விஷயம் வேறு. இத்தனை குதிரைத்திறன் கூடும் என்று எண்ணைச் சொல்லி விற்றுவிட்டு, கேள்வி வந்ததும் “ஓட்டிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்” என்று அனுபவத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.

ஆயுதபூஜை காலையில் அந்தச் சந்துகளில் பூசணி உடைந்து கிடக்கும். ஸ்பேனர்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். புதுத் த்ராட்டில் பூட்டிய வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்புகிறவர், பத்து நிமிஷத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புவார்.

“பழசை என்னண்ணா பண்ண?”

“எடைக்குப் போட்டுக்க.”

அலுமினியம் கிலோ கணக்கு. தராசில் வைக்கும்போது இரண்டு பேரும் குனிந்து முள்ளைப் பார்க்கிறார்கள்.