புயலும் தவக்குலும்

 

 

ஐப்பசி பிறந்து விட்டால் நம் கரையோர மக்களின் கண்கள் கிழக்கே திரும்பி விடுகின்றன. நான் இமாமத் செய்யும் செம்பாக்கம் கடலிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு என்றால் போதும், இஷாத் தொழுது விட்டு வெளியே வருபவர்கள் வாசலிலேயே நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். சிலர் ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து வருகிறார்கள். பெண்கள் மொட்டை மாடித் துணிகளை எடுத்துக் கொண்டே, பக்கத்து வீட்டாரிடம் புயல் எங்கே இருக்கிறதாம் என்று விசாரிக்கிறார்கள்.

இந்த நேரத்தில் இரண்டு வகையான மனிதர்களை நான் காண்கிறேன். ஒரு சாரார் நடுங்கிப் போகிறார்கள். கடை கடையாக ஓடிக் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவிக்கிறார்கள். அவர்களுடைய பதற்றத்தில் படைத்தவனின் நினைவே இல்லை. மற்றொரு சாரார், “அல்லாஹ் பார்த்துக் கொள்வான்” என்று சொல்லி விட்டுப் போர்த்திக் கொண்டு படுத்து விடுகிறார்கள். மாடியில் அவிழ்ந்து கிடக்கும் தகரத்தைக் கூடக் கட்டுவதில்லை. முந்தியவருக்குத் தவக்குல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிந்தியவரிடம் இருப்பதும் தவக்குல் அல்ல என்பதைத்தான் இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

ஒட்டகத்தை அவிழ்த்து விட்டு அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடட்டுமா, அல்லது கட்டி விட்டுப் போடட்டுமா என்று ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். கட்டிய பிறகே தவக்குல் வைக்கும்படி அண்ணலார் அவருக்குச் சொன்னார்கள். திர்மிதீயில் வரும் இந்த ஹதீஸை நம்மில் அறியாதவர் யார்? ஆனால் புயல் வரும் நாளில் நம்முடைய ஒட்டகம் எது என்று யோசிக்கிறோமா? அது மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடி. வாசல் தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டை. மழைநீர்க் கால்வாயை அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக் பை. அவற்றை அப்படியே விட்டு விட்டுத் தஸ்பீஹ் மணியை உருட்டுவது அவிழ்ந்த ஒட்டகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து துஆச் செய்வதைப் போன்றது.

அருள்மறையைப் பாருங்கள். வெள்ளம் வருமுன் நூஹ் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் கப்பல் கட்டும்படிக் கட்டளையிட்டான். பஞ்சம் வருமுன் யூஸுஃப் (அலை) அவர்கள் தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். அகழ்ப் போரை நினைத்துப் பாருங்கள்! எதிரிகளின் கூடாரங்களைச் சாய்த்து, அவர்களைத் திரும்பி ஓட வைத்தது அல்லாஹ் அனுப்பிய காற்று என்று அஹ்ஸாப் அத்தியாயத்தின் 9-வது வசனம் நினைவூட்டுகிறது. அந்தக் காற்று எப்போது வந்தது? பசித்த வயிற்றோடு நாயகமும் தோழர்களும் அகழ் வெட்டி முடித்த பிறகுதான் வந்தது. காற்றை அனுப்பும் வல்லவன் அகழ் இல்லாமலும் அனுப்பியிருக்க முடியும். ஆனால் அடியான் முதலில் மண்வெட்டியைத் தூக்க வேண்டும் என்று அவன் விரும்பினான்.

“விதியில் இருப்பதுதானே நடக்கும்? வீட்டை விட்டு ஏன் போக வேண்டும்?” என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி புதியதல்ல. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்த போது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை கலந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். பள்ளத் தெருவில் இருப்பவர் மேட்டுத் தெரு உறவினர் வீட்டுக்குப் போவதும் இப்படித்தான். புயலும் விதி, மாடி வீடும் விதி.

இப்போது என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். அப்போது நான் செம்பாக்கம் வந்திருக்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய மண்ணடிப் பகுதியில் ஒரு பள்ளிவாசலில் துணை இமாமாக இருந்தேன். மதரஸாவை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. லுஹர் தொழ வந்தவர்களில் இருபது பேர் வரை திரும்ப முடியாமல் பள்ளியிலேயே தங்கி விட்டார்கள். காற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கூடக் கேட்கவில்லை. பிற்பகலில் திடீரென்று எல்லாம் ஓய்ந்து போனது. வானம் வெளுத்தது. இலை கூட அசையவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்! புயல் கடந்து விட்டது. இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று நான் அறிவித்தேன். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். “ஹஜ்ரத், அவசரப்படாதீங்க. இது புயலோட கண்ணு. மறுபக்கம் பாக்கி இருக்கு” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தவக்குல் வையுங்க, பெரியவரே” என்றேன். தவக்குல் என்னும் சொல்லை என் அறியாமைக்குப் போர்வையாக்கிக் கொண்டேன்.

ஓர் இளைஞர் என் வார்த்தையை நம்பி இறங்கிப் போனார். சற்று நேரத்தில் காற்று திரும்பியது. இம்முறை எதிர்த்திசையிலிருந்து வந்தது. முதல் காற்றில் ஆட்டம் கண்டிருந்தவையெல்லாம் இந்தக் காற்றில் பெயர்ந்து விழுந்தன. ஒரு மாடியிலிருந்து வந்த தகரம் அந்த இளைஞரின் தோளைக் கிழித்து விட்டது. அல்லாஹ் உயிரைக் காத்தான். ஆனால் பல மாதங்கள் அவரால் தக்பீருக்குக் கையை உயர்த்த முடியவில்லை. ஒரு நாள் கூட அவர் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

சுழன்று வரும் புயலின் நடுவில் காற்றில்லாத ஒரு வட்டம் இருக்கும். அது நம் தலைக்கு மேல் வரும் போது எல்லாம் முடிந்தது போலத் தோன்றும். அது கடந்ததும் மறுபுறச் சுவர் எதிர்த்திசையில் தாக்கும். இது கப்பல்காரருக்குத் தெரிந்திருந்தது, ஆலிமுக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கேட்டறிந்து கொள்ளாததே என் குற்றம்.

அன்றிரவு நிஸா அத்தியாயத்தின் 83-வது வசனம் என் நெஞ்சில் வந்து நின்றது. அச்சத்தையோ அமைதியையோ பற்றிய செய்தி வந்தவுடன் அதைப் பரப்பி விடுபவர்களை அல்லாஹ் அங்கே கண்டிக்கிறான். தூதரிடமும் பொறுப்பு வகிப்போரிடமும் அதைக் கொண்டு போயிருந்தால், ஆராய்ந்து அறியக் கூடியவர்கள் உண்மையை அறிந்திருப்பார்கள் என்று கற்றுத் தருகிறான். அச்சச் செய்தியை மட்டும் அல்ல, அமைதிச் செய்தியையும் சேர்த்தே அல்லாஹ் சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள்! ‘புயல் வருகிறது’ என்று பொய் சொல்வது எவ்வளவு தவறோ, ‘புயல் போய்விட்டது’ என்று அறியாமல் சொல்வதும் அவ்வளவு தவறு. இன்று கைப்பேசியில் வரும் ஒவ்வொரு குரல் பதிவையும் மற்றவருக்குத் தள்ளி விடுபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

வானிலையை ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1 என்றால் தொலைவில் ஆபத்து. 8, 9, 10 என்றால் பேராபத்து. 11 எதற்கு? வானிலை அலுவலகத்தோடு செய்தித் தொடர்பே அறுந்து விட்டது என்பதற்கு! அறிவு வந்து சேரவில்லை என்பதற்கே மிகப் பெரிய எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரபூர்வ அறிக்கையைக் கேளுங்கள். மாறினால் மாறியதையும் கேளுங்கள். 2024 நவம்பரில் ஃபெங்கல் புயல் வலுப்பெறுமா, பெறாதா என்று அறிக்கைகள் மாறி மாறி வந்த போது பலர் கேலி செய்தார்கள். நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கும் விழுப்புரம் மாவட்டத்திலும் பெருவெள்ளத்தை உண்டாக்கியது.

சகோதரர்களே! புயலைப் பார்ப்பதிலும் ஒரு சுன்னத் இருக்கிறது. மேகமோ கடுங்காற்றோ வந்தால் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் கவலை தெரியும். மற்றவர்கள் மழை வருமென்று மகிழும் போது தாங்கள் மட்டும் ஏன் கலங்குகிறீர்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அதில் வேதனை இருக்காது என்று எனக்கு யார் உறுதி தருவார் என்னும் கருத்தில் நாயகம் பதிலளித்து, மழை மேகம் என்று மகிழ்ந்த ஆது கூட்டத்தார் காற்றால் அழிந்ததை நினைவூட்டினார்கள். பாவமே அறியாத பெருமானாருக்கே அந்த அச்சம் இருந்தது என்றால் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! காற்றின் நன்மையைக் கேட்டு, அதன் தீமையிலிருந்து பாதுகாப்புத் தேடும் துஆவை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். காற்றைத் திட்டாதீர்கள், அது ஏவப்பட்டது.

ஆனால் இந்த அச்சம் நம்மைப் பற்றியதாக இருக்கட்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி கடலுக்குள் போனது. 1977 நவம்பரில் நாகப்பட்டினக் கரையைப் புயல் சூறையாடியது. அங்கே மாண்டவர்களெல்லாம் பாவிகள் என்று சொல்ல நாம் யார்? நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஷஹீதுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நம் மீது வரும் காற்றுக்குத் தவ்பாச் செய்வோம். பிறர் மீது வந்த காற்றுக்கு உதவிக் கரம் நீட்டுவோம்.

இனி, நம் வீடுகளில் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். இரவில் பாத்திரங்களை மூடி, தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டி, கதவைத் தாழிட்டு, விளக்கை அணைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எலி திரியை இழுத்து வீட்டை எரித்து விடக் கூடும் என்று காரணமும் சொன்னார்கள். மின்சாரம் போய் மெழுகுவர்த்தி ஏற்றும் நாளுக்கு இதை விடச் சிறந்த அறிவுரை உண்டா? குடிநீரைப் பிடித்து மூடி வையுங்கள். குர்ஆன் பிரதிகளையும், குடும்ப அட்டை, பத்திரம் முதலியவற்றையும் உயரமான இடத்தில் வையுங்கள். வீட்டில் தண்ணீர் ஏறும் முன்னரே மெயின் சுவிட்சை அணையுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். பள்ளிக்கு வர முடியாத மழையில், வீட்டிலேயே தொழுது கொள்ளுங்கள் என்று முஅத்தினை அறிவிக்கச் சொன்னதும் நம் நாயகம்தான். அந்தச் சலுகையை ஏற்பதும் ஈமான்தான்.

தன் வீட்டோடு நின்று விடும் ஏற்பாடு இஸ்லாமிய ஏற்பாடு ஆகாது. பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரம்ப உண்பவன் முஃமின் அல்லன் என்பது நாயகத்தின் போதனை. 2015-லும் 2023-லும் வெள்ளத்தின் போது சென்னையில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்றதைக் கண்டோம். பதுக்குபவன் பாவி என்பதை வியாபாரிகளான நம் சகோதரர்கள் மறக்க வேண்டாம். செம்பாக்கம் ஏரி தனியாக இல்லை. சிட்லபாக்கத்து உபரி நீர் இங்கே வருகிறது. இங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. நம் தெருக் கால்வாயில் நாம் போடும் குப்பை யாரோ ஒருவர் வீட்டில் வெள்ளமாக நுழைகிறது. பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், தண்ணீரின் பாதையை அடைப்பது எதில் சேரும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நெருங்கிய போது நான் இங்கே வந்து விட்டேன். இஷாவுக்குப் பின் ஜமாஅத்தாரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். தனியாக இருக்கும் முதியவர் யார், பிரசவ நாள் நெருங்கிய பெண் யார், தாழ்வான வீட்டில் இருப்பவர் யார் என்று தெருவாரியாகக் குறித்தோம். முஸ்லிம் வீடு, இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பிரிக்கவில்லை. புயல் நம் ஊரில் கரையேறவே இல்லை. ஆந்திரத்து பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் கடலோரமாக மெல்ல நகர்ந்து அது கொட்டிய மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் எல்லாம் தண்ணீரில் நின்றன.

“ஹஜ்ரத், மாற்று மதத்தாரைப் பள்ளியில் தங்க வைக்கலாமா? பெண்கள் தங்கலாமா?” என்று ஒருவர் தயங்கிக் கேட்டார். தாயிஃபிலிருந்து வந்த ஸகீஃப் தூதுக் குழுவினர் இஸ்லாத்தை ஏற்குமுன்னரே நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைப் பள்ளிவாசலில்தான் தங்க வைத்தார்கள். ஆதரவற்ற ஒரு பெண்மணிக்கு மஸ்ஜிதுந் நபவீயில் ஒரு சிறு கூடாரம் இருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதற்கு மேலும் தயக்கம் எதற்கு? தொழும் இடத்தின் கண்ணியத்தைக் காத்து, பெண்களுக்கு மதரஸா அறை போல மறைவான இடத்தை ஒதுக்கிக் கதவைத் திறந்து வையுங்கள்.

அன்றிரவு மழை சற்று விட்டது. “போகலாமா ஹஜ்ரத்?” என்று கேட்டார்கள். எனக்கு அந்த இளைஞரின் தோள் நினைவுக்கு வந்தது. “எனக்குத் தெரியாது. வானிலை அறிக்கை வரட்டும், அதுவரை இங்கேயே இருப்போம்” என்றேன். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லப் பழகியது மதரஸாவுக்குப் பின் நான் படித்த பெரிய பாடம்.

புயல் ஓய்ந்த பின்னும் ஒரு சோதனை இருக்கிறது. கடலில் அலைகள் சூழும் போது உளத்தூய்மையோடு இறைவனை அழைப்பவர்கள், கரையேறியதும் வரம்பு மீறுவதை யூனுஸ் அத்தியாயத்தின் 22, 23-வது வசனங்கள் எடுத்துரைக்கின்றன. காற்றடிக்கும் இரவில் எழுந்து தஹஜ்ஜுத் தொழுதோமே, காற்று நின்ற மறுநாள் சுபுஹுக்கு வந்தோமா? நமக்குக் கிடைத்திருக்கும் இந்த அமைதி புயலின் கண்ணாகவும் இருக்கலாம் அல்லவா?

யா அல்லாஹ்! காற்று வருமுன் கட்ட வேண்டியதைக் கட்டும் கைகளையும், கட்டிய பின் உன்னையே நம்பும் உள்ளங்களையும் எங்களுக்குத் தருவாயாக! அறியாததைப் பேசும் நாவிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் ஏரிகள் நிரம்பவும், எங்கள் வீடுகள் நனையாமல் இருக்கவும் அருள் புரிவாயாக! கடலுக்குச் சென்றவர்களைக் கரை சேர்ப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.