அடுத்த வளவு நாய்

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் முள்ளுக்கம்பி வேலிதான். சில இடங்களில் தகரம், சில இடங்களில் கிடுகு. அது ஆட்டையும் மாட்டையும் மறிக்கும், சத்தத்தை மறிக்காது. அந்தப் பக்கம் கட்டிக்கிடக்கும் நாய் இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி விடியும்வரை குரைத்தால், இந்தப் பக்கம் படுத்திருப்பவர் என்ன செய்யலாம்? எதைச் செய்யவே கூடாது?

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பக்கம் படுத்திருப்பவர் விடியமுன் எழும்பி வட்டைக்குப் போகவேண்டிய கமக்காரராக இருக்கலாம், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நோயாளியாகவும் இருக்கலாம். அந்தப் பக்கம் இருப்பவர் மகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு தனித்திருக்கும் முதியவள் என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பு மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். போரில் கணவரை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களும் ஏராளம். அவர்களுக்குப் படலையடியில் கிடக்கும் நாய் அலங்காரம் அல்ல. ஆண்துணை இல்லாத வீடு என்று நினைத்து வருபவனை அது இரண்டு தடவை யோசிக்க வைக்கும். இங்கே தூக்கம் தேவை, அங்கே பயமில்லாத இரவு தேவை. இரண்டும் நியாயமான தேவைகள்தான்.

கிரானில் நாயின் குரைப்புக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. ஊருக்கு மேற்கே புலிபாய்ந்தகல் தாண்டிக் குடும்பிமலைப் பக்கம் வரை வயலும் காடும் மாறி மாறிக் கிடக்கின்றன. பெரும்போக வேளாண்மை விளைந்து தை, மாசியில் அறுவடை நெருங்கும்போது யானைகள் வயலுக்கும், வயலைத் தாண்டிக் குடிமனைக்கும் வருகின்றன. அண்மைக் காலத்தில் இலங்கை முழுவதும் ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் யானைகளால் இறக்கிறார்கள். அந்த எல்லைக் கிராமங்களில் இருட்டுக்குள் யானை நிற்பதை முதலில் அறிவது நாய். அது குரைத்தால் சொந்தக்காரர் மட்டுமல்ல, பக்கத்து நாலு வளவும் எழும்பும். வெளிச்சம் அடிப்பார்கள், யானைவெடி கொளுத்துவார்கள், பிள்ளைகளை உள்ளே இழுப்பார்கள். போர்க்காலத்தில் இரவில் நாய் குரைத்தால், வருவது யார் என்று விளக்கை அணைத்துவிட்டுக் காது கொடுத்த தலைமுறை இன்னும் இங்கே வாழ்கிறது.

அயலவர் பொறுக்கவேண்டியதற்கு ஓர் அளவு இருக்கிறது என்றால் அது நாய் தரும் இந்தப் பொதுக் காவலிலிருந்துதான் வருகிறது. யானை வந்த இரவில் பக்கத்து வீட்டு நாயால் காப்பாற்றப்பட்டவர், யானை வராத இரவில் அதே நாய் பத்து நிமிடம் குரைத்ததற்காகச் சண்டைக்குப் போகமுடியாது. நன்மையைப் பங்கிட்டுக் கொள்பவர் தொல்லையிலும் கொஞ்சம் பங்கிட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இதே காரணம் நாய் வைத்திருப்பவரைத்தான் இன்னும் கடுமையாகப் பிடிக்கிறது. ஓயாமல் குரைக்கும் நாய் எதையும் அறிவிப்பதில்லை. நாள் முழுக்க அடிக்கும் கோயில் மணி யாரையும் பூசைக்கு அழைக்காது. காற்றுக்கும், வீதியில் போகும் மோட்டார் சைக்கிளுக்கும், விழுந்த தேங்காய்க்கும், பிறகு ஒன்றுமில்லாததற்கும் குரைத்துக் குரைத்து அயலின் காதை மரத்துப்போக வைத்த நாய், யானை வரும் இரவில் குரைக்கும்போதும் யாரும் எழும்பமாட்டார்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திட்டுவார்கள். நாயைக் கவனியாமல் விட்டவர் அயலின் தூக்கத்தைக் கெடுத்ததோடு நிற்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு காவலையும் பயனில்லாமல் ஆக்கிவிட்டார். ‘காவலுக்குத்தானே வைத்திருக்கிறேன்’ என்ற அவருடைய சமாதானம் அவரையே திருப்பிக் கேட்கிறது: இப்போது அது யாரைக் காக்கிறது?

நாய் ஏன் ஓயாமல் குரைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஏட்டுவேஷ் லோரண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடி என்ற இன நாய்களின் குரைப்புகளை வெவ்வேறு நிலைமைகளில் ஒலிப்பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியர் வரும்போது குரைப்பது, தனியே மரத்தில் கட்டிவிட்டுப் போனபோது குரைப்பது, விளையாட்டில் குரைப்பது என்று அதில் பல வகை. 2005 இல் வெளியான அந்த ஆய்வின்படி, நாயே வளர்த்திராதவர்கள்கூட எது எந்த நிலைமைக் குரைப்பு என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே பிரித்தறிந்தார்கள். கிரானில் எந்த வயதானவரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். ஆள் வந்தால் குலைக்கிறது வேறு, தண்ணியில்லாமல் கிடந்து குலைக்கிறது வேறு.

அப்படியானால் பெரும்பாலான ‘தொல்லை’ நாய்களின் சத்தம் ஒரு முறைப்பாடு. முறைப்பாடு அயலவர் மீது அல்ல, வளர்ப்பவர் மீது. இரண்டு முழச் சங்கிலியில் காலை முதல் இரவு வரை கட்டிப்போட்ட நாய், வெயில் ஏறினாலும் நிழலுக்கு நகரமுடியாத நாய், கவிழ்ந்த சட்டியில் தண்ணீர் இல்லாத நாய். குட்டியாக இருந்தபோது பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, வளர்ந்ததும் வளவின் மூலையில் மறந்துபோனதும் உண்டு. உத்தர காண்டத்தின் சில பிரதிகளில் ஒரு நாய் இராமனின் சபைக்கு வந்து, தன்னை அடித்த மனிதனுக்கு எதிராக நியாயம் கேட்கும் கதை உண்டு. சபை அதை விரட்டவில்லை, விசாரித்தது. பக்கத்து வளவு நாயின் விஷயத்திலும் முதலில் கேட்கப்படவேண்டிய தரப்பு அதுதான். தூக்கம் கெட்டவரும் நாயும் இங்கே ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டால் பாதிக் கோபம் இடம் மாறிவிடும்.

‘நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும், என்ர வளவு, என்ர நாய்’ என்று சொல்பவருக்கும் பதில் உண்டு. நாய் அவருடைய வளவில் நிற்கிறது. குரைப்பு அங்கே நிற்பதில்லை. 2007 இல் இலங்கை உயர் நீதிமன்றம், வெலிகமவில் வழிபாட்டிடம் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கொன்றில், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரைக்கும் ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்று பொதுவாகவே கட்டளையிட்டது. எந்தச் சமயத்தவர் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மற்றவர் விரும்பாத ஒலியை அவர் காதுக்குள் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதே அதன் அடிப்படை. வழிபாட்டுக்கே அந்த எல்லை என்றால், கவனிப்பாரற்ற நாயின் இரவுச் சத்தத்துக்கு எந்த எல்லையும் இல்லை என்று எப்படிச் சொல்வது? உலக சுகாதார நிறுவனம் 2009 இல் ஐரோப்பாவுக்கு வகுத்த வழிகாட்டல், வீட்டுக்கு வெளியே இரவுச் சத்தத்தின் சராசரி 40 டெசிபலைத் தாண்டாமல் இருக்கவேண்டும் என்கிறது. வேலியோரம் குரைக்கும் நாயின் சத்தம் அதைவிடப் பல மடங்கு. ஒலிபெருக்கிக்கு ஆளி உண்டு, நாய்க்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அவிழ்த்துவிட ஒரு சங்கிலியும், நிரப்பிவைக்க ஒரு தண்ணீர்ச் சட்டியும், இரவில் வீதியோரத்தை விட்டு வீட்டுப் பின்பக்கம் படுக்கவிட ஓர் இடமும் அவரிடம் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் இயற்கையின் மேல் பழிபோடுவது சோம்பல்.

இனி அடுத்த பக்கம். தூக்கம் கெட்டவர் செய்யக்கூடாதவை சில உண்டு. அவற்றில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. இறைச்சித் துண்டில் மருந்து வைப்பது முதலாவது. அது பிறருடைய உடைமையை அழிக்கும் குற்றம் என்பது சட்டத்தின் பக்கம். அறத்தின் பக்கம் அதைவிடப் பாரமானது. குற்றம் செய்யாத உயிரைக் குற்றம் செய்தவருக்குப் பதிலாகக் கொல்வது அது. அதுவும் முகத்தைக் காட்டாமல். மருந்து வைத்தவர் அடுத்த நாள் காலையில் அதே வேலிக்கு மேலால் ‘என்ன மாமி, நாய் செத்துப்போச்சாமே’ என்று கேட்கவேண்டியிருக்கும். வைரவர் சூலம் நட்டு விளக்கு வைக்கும் ஊரில், வைரவரின் வாகனமான நாய்க்கு நஞ்சு வைக்கிற கை எதை நம்புகிறது? சாக்கில் கட்டிக்கொண்டுபோய்ப் புணானைக் காட்டுப்பக்கம் விட்டுவிட்டு வருவதையும் பலர் இரக்கம் என்று நினைக்கிறார்கள். அது மெதுவான கொலை. தப்பிப் பிழைத்தால் தொல்லை இன்னொரு ஊருக்குப் போகும், அவ்வளவே. நாயின் குரல்நாணை வெட்டிச் சத்தத்தை நிறுத்தும் சத்திரசிகிச்சையும் உலகில் உண்டு. வளர்ப்புப் பிராணிகளைப் பாதுகாக்கும் 1987 ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கை அதைத் தடைசெய்கிறது. முறைப்பாட்டைத் தீர்க்காமல் முறையிடும் வாயை மட்டும் அடைக்கும் எந்த வழியும் இதே வகைதான்.

செய்யவேண்டியது பேசுவது. எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எப்படிப் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடுச்சாமத்தில் வேலியில் நின்று சத்தம்போட்டால் அது நாயின் குரைப்போடு இன்னொரு குரைப்பு. விடிந்து, முகம் கழுவி, படலையால் போய், ‘மாமி, ராவெல்லாம் நாய் கொலைக்கிது, அதுக்கு என்னவும் செய்யிதோ தெரியா, ஒருக்காப் பாருங்க’ என்று நாயின் பக்கத்திலிருந்து தொடங்கினால் கேட்பவர் தற்காப்புக்குப் போகத் தேவையில்லை. ‘நீங்க தனிய இருக்கிறீங்க, நாய் தேவைதான்’ என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு நிலைக்கும். யானை வந்த இரவில் அந்தக் குரைப்பால் பயன்பெற்றவர், அலசிய மீனின் தலையையோ மிஞ்சிய சோற்றையோ அந்த வளவுக்குக் கொடுத்துவிடுவதிலும் நீதி இருக்கிறது. இதைத் தாராளம் என்று சொல்லத் தேவையில்லை, பெற்றதற்குக் கொடுப்பது.

பேசியும் ஆகாவிட்டால்? நேரே பொலிசுக்குப் போகலாம்; பொதுத்தொல்லை என்று நீதவான் முன் கொண்டுபோகவும் வழி உண்டு. ஆனால் போர்க்காலத்தில் பொலிஸ் நிலைய வாசலை எதற்காகவெல்லாம் மிதிக்கவேண்டியிருந்தது என்பதை மறக்காத ஊரில், நாய்க்காக அங்கே அழைக்கப்படும் முதியவளுக்கு அந்தத் தண்டனை குற்றத்தைவிடப் பெரிது. இடையில் ஒரு நல்ல படி இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகளில் ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்யலாம்; அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவுசெய்வார்கள். சட்டத்தரணிகள் வாதாட இடமில்லை. அங்கே வெல்வது தோற்பது என்பதற்குப் பதிலாக, இரவில் நாயை எங்கே விடுவது, எத்தனை மணிக்குச் சாப்பாடு, ஒரு மாதம் பார்த்துவிட்டு மீண்டும் எப்போது வருவது என்று எழுதிக்கொள்ளலாம். அதையும் மதிக்காமல், அயலின் இரவுகளை வேண்டுமென்றே கெடுப்பவர் மீது வழக்குப் போடுவதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை. பொறுமை கடமைதான், ஆனால் ஒருவரின் பொறுமையின் மேல் இன்னொருவர் வீடு கட்டிக்கொள்ள முடியாது.

எல்லாவற்றிலும் கடினமான நிலை, பேசுவதற்கு ஆளே இல்லாத வளவு. 2007 இல் போர் காரணமாகப் படுவான்கரையிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்து வந்தபோது நாய்கள் பின்னால் நின்றன. இன்று இடம்பெயர்வு வேறு விதம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகிறார்கள். நாய் முற்றத்திலேயே கிடக்கிறது. மார்கழி வெள்ளம் ஏறும்போது சிலவேளை சங்கிலியோடே. அது குரைக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வது? போனவர்களின் கடமை வீட்டைப் பூட்டியதோடு முடிந்துவிடவில்லை. உறவுக்காரர் யாரிடமாவது சொல்லி, சாப்பாட்டுக்கும் தடுப்பூசிக்கும் காசு அனுப்புவது அவர்கள் பொறுப்பு; அதைக் கேட்டுத் தொலைபேசி எடுக்க அயலவருக்கு முழு உரிமை உண்டு. அதுவரை வெள்ளத்தில் சங்கிலியை அவிழ்ப்பதும் பசித்த நாளில் ஒரு பிடி சோறு வைப்பதும் அருகில் இருப்பவர் மேல் விழுகிறது. வேறு யாரும் அருகில் இல்லை என்பதே அதற்குக் காரணம். 1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த நாயைப் பதியும் நாளில் யாருடைய பெயர் என்று கேட்பார்கள். சோறு வைத்தவர் தன் பெயரைக் கொடுத்தால், அன்று முதல் அதன் குரைப்புக்கும் அவரே பதில் சொல்லவேண்டும். கொடுக்கத் தயங்கினாலும் அவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை; போனவர்களின் பெயரை எழுதச் சொல்லி, அவர்களுடைய விலாசத்தையும் கொடுத்துவிட்டு வரலாம்.