இரு வாரத் தாய்மார்

விடுமுறை வந்ததும் நமது வாலிபரும் நங்கையரும் கம்போடியா சென்று, அங்குள்ள அனாதை விடுதிகளில் இரு வாரம் சோறூட்டித் தாலாட்டித் திரும்புவதைத் தொண்டெனப் போற்றுகின்றோம். அவர்தம் நன்னெஞ்சை நாம் ஐயுறவில்லை. ஆயினும், அத்தொண்டு யார் பொருட்டு?

அவ்விடுதிப் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் உளர். வறுமையினால், கல்வி கிடைக்குமென நம்பி ஒப்படைத்தவர்கள் அவர்கள். அந்நியர் பணத்தோடு வருவதனாலேயே சில விடுதிகள் பிள்ளை தேடி அலைகின்றன. இத்தகைய தொண்டினால் விளையும் கேட்டைத் தடுக்குமாறு ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2019-இல் தீர்மானித்தது.

நமது தோட்டத்துப் பிள்ளை, புதியவரைக் கண்டால் தாயின் சேலைத் தலைப்பில் ஒளியும். அது நலமுள்ள பிள்ளை. விடுதிப் பிள்ளையோ முன்பின் அறியாதார் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அதனை அன்பென்று கருதிப் படம் பிடிக்கின்றோம்! ருமேனியாவில் 2000-இல் 136 விடுதிக் குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சியும் இவ்வியல்பைக் கண்டது. வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டவை, விடுதியிலேயே தங்கியவற்றினும் தேறின.

ஒன்றுமில்லாமைக்கு இரு வார அன்பு மேலன்றோ என்பர் சிலர். பசிக்கு ஒருவேளைக் கஞ்சி மேல்தான். ஆனால் மாதந்தோறும் ஒரு தாயை இழப்பது அத்தகையதன்று. கப்பலுக்கும் விமானத்துக்கும் ஆகும் தொகை, ஓர் ஏழைத்தாய் தன் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள உதவுமாயின் அதனை அனுப்பலாம். போயே தீரவேண்டும் என்பார், அங்கு நிலையாயுள்ள ஆயாவின் துணிமூட்டையைத் துவைத்துக் கொடுத்து, குழந்தையை அவள் மடியிலேயே விடட்டும்.