தோட்டமும் தர்மமும்

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவன் திருத்தூதர் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள்மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகின்றோம்.

  

நாம் விலை அறிந்த சமூகம். கத்தரிக்காய் இன்று என்ன விலை, நேற்று என்ன விலை, நாளை ஏறுமா இறங்குமா என்று கேட்டால் உறக்கத்திலும் பதில் சொல்வோம். ஆனால் நம் கடைவீதியில் வளரும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "கண்ணே, வெண்டைக்காய் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "கடையிலிருந்து" என்றுதான் சொல்லும். அது பிள்ளையின் குற்றமன்று. இந்தத் தீவில் உண்ணப்படும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல் கடந்தும் பாலம் கடந்தும் வருகிறது. விதையையும் வேரையும் காணாத குழந்தை, விலைச்சீட்டை மட்டுமே காண்கிறது.

வாகிஆ சூராவிலே அல்லாஹ் மனிதனை நோக்கி ஒரு கேள்வி கேட்கின்றான். நீங்கள் விதைப்பதைக் கவனித்தீர்களா, அதை முளைக்கச் செய்வது நீங்களா, நாமா என்பது அதன் கருத்து. விலை தெரிந்து விதை தெரியாத பிள்ளைக்கு இந்தக் கேள்வி எப்படிப் புரியும்? ஈரமண்ணில் விரல் விட்டு, ஒரு விதையைப் புதைத்து, மூன்றாம் நாள் விடியலில் ஓடிவந்து பச்சை முளையைக் கண்ட பிள்ளைக்கோ இதற்கு விரிவுரையே தேவையில்லை.

ஆகவேதான் குழந்தைகளும் குடும்பங்களும் சேர்ந்து நடத்தும் காய்கறித் தோட்டம் நமது ஜமாஅத்துக்கு ஏற்ற நற்காரியம் என்று சொல்கின்றோம். இடமில்லையே என்று யாரும் சொல்ல வேண்டாம். தேசியப் பூங்காக் கழகம் 2005-ஆம் ஆண்டில் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அடுக்குமாடிகளின் அடியிலும், பள்ளிக்கூடங்களிலும், ஸ்தாபனங்களின் வளாகங்களிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் தோட்டங்கள் இருக்கின்றன. தனிக் குடும்பம் குத்தகைக்கு எடுக்கக்கூடிய பாத்திகளும் சில பூங்காக்களில் உண்டு. ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். மூன்று ஆண்டுத் தவணை. வழியிருக்கிறது, மனந்தான் வேண்டும்.

ஆனால், சகோதரர்களே, தோட்டம் தொடங்குவது எளிது, நடத்துவது அரிது. திறப்பு விழாவுக்கு மாலையும் மைக்கும் வருகின்றன, படம் பிடிக்கிறார்கள், பிரியாணி பரிமாறுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பாத்தியிலே களை, வேலியிலே பூட்டு, அங்கத்தினர்களுக்குள்ளே மனத்தாங்கல். ஏன் இப்படி ஆகிறது? தண்ணீர்ப் பஞ்சத்தால் பட்டுப்போகும் தோட்டம் இந்த மழை நாட்டில் குறைவு. கொடுக்க மனமில்லாமல் பட்டுப்போகும் தோட்டமே அதிகம். நாள்தோறும் கையைக் கொடுக்க வேண்டும். அறுவடையன்று பங்கைக் கொடுக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் தோட்டம் நிலைக்காது.

முதலாவது, கையைக் கொடுப்பது.

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் சரித்திரத்தை அறியாதவர் யார்? பாரசீகத்திலிருந்து மெய்வழி தேடிப் புறப்பட்ட அப்பெரியார், இடைவழியில் அடிமையாக விற்கப்பட்டு மதீனாவிலே உழைத்துக்கொண்டிருந்தார்கள். இஸ்லாத்தைத் தழுவியபின் விடுதலை பெற விரும்பினார்கள். எசமானன் கேட்ட விலை என்ன தெரியுமா? 300 பேரீச்சங்கன்றுகளை நட்டு உயிர்ப்பித்துத் தரவேண்டும். அதற்குமேல் 40 ஊக்கியா பொன் தரவேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களை நோக்கி, உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று பணித்தார்கள். ஒருவர் முப்பது கன்று கொண்டுவந்தார், ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து. அவரவர் சக்திக்கு ஏற்றபடி கொணர்ந்தார்கள். தோழர்கள் குழி தோண்ட உதவினார்கள். பிறகு நாயகம் (ஸல்) அவர்களே எழுந்து வந்து, தம் முபாரக்கான கையால் கன்றுகளை ஊன்றினார்கள். அவற்றில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

வணிகர்களே, இதைச் சிந்தியுங்கள். பத்துக் கன்று கொண்டுவந்தவரை யாரும் ஏளனம் செய்யவில்லை. முப்பது கொண்டுவந்தவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடவில்லை. சமுதாயத்தின் தலைவரே மண்ணில் குனிந்தார்கள். நாமோ சங்கத்தின் செயலாளர் வந்து கேட்டால் செக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்ததென்று கல்லாவில் அமர்ந்துவிடுகிறோம். செக்கு நல்லதுதான், மண்ணும் உரமும் அதனால் வரும். ஆனால் செக்கு தண்ணீர் ஊற்றாது, களை பிடுங்காது, தந்தையோடு குனிந்து விதை போட்டோம் என்ற நினைவைப் பிள்ளையின் உள்ளத்தில் பதிக்காது. வாரத்தில் ஆறு நாளும், சிலர் ஏழு நாளும், கடைக்குக் கொடுக்கிற நாம், ஒரு காலைப்பொழுதில் அரைமணி நேரத்தை மகனுக்கும் மகளுக்கும் கொடுக்கக் கூடாதா?

இதற்கு முறை வேண்டும். ஏழு குடும்பங்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை வைத்துக்கொள்ளலாம். பாத்தியின் அகலம் 1 மீட்டருக்கு மேற்போகாமல் இருந்தால், இருபுறமும் நின்று உள்ளே மிதிக்காமல் சிறு கைகளும் எட்டும். பிள்ளைகளுக்குப் பொறுமை குறைவு. ஆகையால் முதலில் கங்கோங்கும் பாயமும் போடுங்கள். ஒரு மாத அளவில் அறுக்கலாம். கங்கோங்கை வேரோடு பிடுங்காமல் அடித்தண்டை விட்டு அறுத்தால் மறுபடியும் துளிர்க்கும். வெண்டைக்கும் பயற்றங்காய்க்கும் இரண்டு மாத அளவு பிடிக்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் இன்னும் காத்திருக்கச் சொல்லும். அந்தக் காத்திருப்பும் ஒரு பாடமே. நம் கடைகளில் நாள்தோறும் கழித்துப் போடும் வாடிய கீரையையும், வீட்டிலே மிஞ்சும் தேயிலைத் தூளையும் முட்டை ஓட்டையும் மட்க வைத்தால் எருவாகும். நட்டக் கணக்கில் எழுதுகிற சரக்கு, தோட்டத்திலே முதலாக மாறுகிறது!

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தொட்டியிலும் தட்டிலும் வாளியிலும் தண்ணீர் தேங்கினால், ஒரு வாரத்துக்குள் டெங்கிக் கொசு உருவாகிவிடும். வாளிகளைக் கவிழ்த்து வைப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பாக்குங்கள். அண்டை வீட்டாருக்கு நோய் கொண்டுவரும் தோட்டத்தில் பரக்கத் ஏது?

இரண்டாவது, பங்கைக் கொடுப்பது. இதுவே கடினமானது.

கலம் சூராவிலே தோட்டக்காரர்களின் வரலாறு வருகிறது. தகப்பனார் நல்லவர், அறுவடையிலே ஏழைகளுக்குப் பங்கு கொடுத்து வந்தவர் என்று விரிவுரையாளர்கள் சொல்வார்கள். அவர் மறைந்தபின் பிள்ளைகள் கணக்குப் பார்த்தார்கள். விடியற்காலையிலேயே அறுத்துவிடுவோம் என்று சத்தியம் செய்தார்கள். இன்ஷா அல்லாஹ் சொல்லவில்லை. இன்று எந்த ஏழையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று தமக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள். போய்ப் பார்த்தால், அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோதே இறைவனின் சோதனை இறங்கி, தோட்டம் கருகிக் கிடந்தது. முதலில் வழிதவறி வந்துவிட்டோமோ என்று மயங்கினார்கள். பிறகுதான் தாங்கள் பறிகொடுத்தவர்கள் என்பதை உணர்ந்தார்கள்.

அந்தத் தோட்டம் எந்த நேரத்தில் அழிந்தது? ஏழையை விலக்குவதென்று அவர்கள் முடிவு செய்த அந்த இரவிலே அழிந்தது! அவர்கள் திருடவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை, தங்கள் தோட்டத்தைத் தாங்களே அறுக்கப் போனார்கள். ஆயினும் ஏழையின் பங்கைத் தங்கள் லாபத்தில் சேர்த்துவிட்டார்கள். வணிகனுக்கு இதைவிட எச்சரிக்கை வேண்டுமா?

ஆகவே விதை போடுமுன்பே பங்கை எழுதிவிட வேண்டும் என்று யோசனை சொல்கிறேன். கூட்டு வியாபாரத்தில் முதல் போடுமுன் பங்குப் பத்திரம் எழுதுகிறோமல்லவா? அதுபோல. விளைச்சலை மூன்றாக வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு உழைத்த குடும்பங்களுக்கு. ஒரு பங்கு அண்டை அயலாருக்கு. அவர் மலாய்க்காரரானாலும் சீனரானாலும் தமிழரானாலும் அண்டை வீட்டாரே. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி ஊற்றியாவது அயலாருக்குக் கொடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நினையுங்கள். மற்றொரு பங்கு தனித்து வாழும் முதியோருக்கும், விதவையருக்கும், நோயாளிக்கும்.

உழைத்தவன் உண்ணலாமா என்று ஐயம் வேண்டாம். உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த தம் சிறந்த நிலத்தைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டு, நிலத்தை விற்காமலும் வாரிசுரிமையாக்காமலும் நிறுத்திவைத்து, அதன் பலனைத் தர்மமாக்கினார்கள். அந்த வக்பிலே, பராமரிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம், நண்பருக்கும் உண்ணக் கொடுக்கலாம், ஆனால் அதைக்கொண்டு செல்வம் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். எவ்வளவு அழகான வரம்பு! ஜகாத்தைப் பொறுத்தவரை, ஷாபிஈ மத்ஹபில் கீரை காய்கறிகளுக்கு ஜகாத் கடமையில்லை. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து வேறு. சட்ட நுணுக்கத்தை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். கடமையில்லாவிட்டால் கொடுக்கத் தடையுமில்லையே!

இன்னொரு மனத்தாங்கல் உண்டு. "நாங்கள் பாடுபட்டு வளர்த்த மிளகாயை யாரோ இரவிலே பறித்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆகவே பூட்டுப் போடுவோம்" என்பார்கள். பறித்தவன் செய்தது பாவமே; அவன் அல்லாஹ்விடம் பதில் சொல்வான். நட்டவனுடைய கணக்கு என்னவாகும்? ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவனுக்குத் தர்மமாகும் என்பதே நாயகம் (ஸல்) அவர்களின் அருள்மொழி. அதிலிருந்து திருட்டுப்போனதும் அவனுக்குத் தர்மமே என்று முஸ்லிம் ஹதீது நூலில் உள்ள அறிவிப்பு கூறுகிறது. கடையிலே திருட்டுப்போனால் நட்டம். தோட்டத்திலே திருட்டுப்போனாலும் வரவு! இப்படி ஒரு வியாபாரத்தை வேறெங்கு கண்டோம்? பூட்டுப் போடுவதா என்று கூட்டத்தில் வாதாடும்போது, பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள். அன்று அவர்கள் கற்பது விவசாயமன்று, நம் ஈமானை.

அறுவடை நாளிலே கீரைக்கட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். மேல்மாடியில் தனித்திருக்கும் பாட்டியின் கதவை அது தட்டட்டும். ஸலாம் சொல்லியோ, முகமன் கூறியோ கொடுக்கட்டும். தான் வளர்த்ததைத் தானே கொடுத்த பிள்ளை, நாளை கடைக்கு முதலாளியானால், ஏழை வாசலில் நிற்கும்போது முகம் சுளிக்காது. நாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் ஆஸ்தியில் இதற்கு ஈடானது எது?

நம் முன்னோர் இம்மண்ணுக்கு வெறுங்கையோடு வந்தவர்கள். ஆயினும் 1801-இல் பினாங்கிலே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், 1826-இல் சிங்கப்பூரிலே ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும் நமக்கென விட்டுச் சென்றார்கள். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் அரிசி அருகியபோது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு இத்தீவு மக்கள் உயிர் காத்தார்கள். பஞ்சத்திலே மண்ணைத் தொட்டவர்களின் பேரப்பிள்ளைகள், செழிப்பிலே மண்ணைத் தொட வெட்கப்படலாமா?

அந்தத் தோட்டக்காரர்களின் வரலாறும் கருகிய நிலத்தோடு முடிந்துவிடவில்லை. அவர்கள் தம் தவற்றை உணர்ந்து, ஒருவரையொருவர் குறை கூறியபின், இறைவன் பக்கமே திரும்பி, இதைவிடச் சிறந்ததை அவன் தரக்கூடும் என்று நம்பிக்கை வைத்தார்கள். நம் தோட்டங்களில் எங்கேனும் பூட்டுத் தொங்கினால், மனத்தாங்கல் இருந்தால், அடுத்த ஜும்ஆவுக்குமுன் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுங்கள். மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட முடிந்தால் நட்டுவிடும்படி வழிகாட்டிய நபியின் உம்மத்தல்லவா நாம்!

யா அல்லாஹ்! எங்கள் கைகளுக்கு உழைப்பையும், உள்ளங்களுக்குக் கொடைக்குணத்தையும் தந்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளைக் கொடுத்து உண்பவர்களாக ஆக்குவாயாக! நாங்கள் விதைப்பதை முளைக்கச் செய்பவன் நீயே என்பதை எந்த லாபத்திலும் எங்களுக்கு மறக்கச் செய்யாதிருப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.