என் உடல் பிறருக்குச் சட்டமாகுமா?

மதுரையிலிருந்து தேனி செல்லும் நெடுஞ்சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி வரை மிதிவண்டியில் செல்பவருக்கு நிலம் பெரிய தொல்லை எதுவும் தருவதில்லை. உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஏறத் தொடங்கும்போதுதான் உண்ட சோறும் உண்ணாத சோறும் கணக்குக் கேட்கின்றன. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமைக் காலை, அந்த ஏற்றத்தின் நடுவில் வண்டியைச் சாய்த்துவிட்டுச் சாலையோரத்தில் அமர்ந்துவிட்டேன். கைகள் நடுங்கின, கண் இருண்டது. முன்னே சென்ற என் மைத்துனர் வளைவைக் கடந்து மறைந்து போனார்.

அவர் என் மனைவியின் அண்ணன். ஐம்பது வயதைக் கடந்தபோது நீரிழிவு என்றார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் இவரும் ஒருவரானார். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை மிகுதியாக உண்ணும் முறையைப் ‘பேலியோ’ என்ற பெயரில் தமிழில் பரப்பிய நியாண்டர் செல்வனின் எழுத்துகள் அவர் கைக்கு வந்தன. சோறு, இட்லி, சர்க்கரை அனைத்தையும் விலக்கினார். மருத்துவரின் மேற்பார்வையிலேயே செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடை இறங்கியது, மாத்திரைகள் குறைந்தன. பிறகு மிதிவண்டி. இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திற்குள் முடிக்கும் நெடும்பயணம் ஒன்றையே இலக்காக வைத்துக்கொண்டார்.

இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், நலம் பெற்ற மனிதர் சாட்சியாகிறார்; சாட்சி விரைவில் போதகராகிவிடுகிறார். “மாப்பிள்ளை, நீங்களும் சோற்றை விட்டுப் பாருங்கள். கொழுப்பில் ஓடும் வண்டி நிற்காது” என்றார். எனக்கு நீரிழிவு இல்லை. எனினும் விட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் சென்றதும் கணவாய் எனக்கு விடை சொன்னது.

நடந்தது இதுதான். நாம் உண்ணும் மாவுச்சத்து கிளைக்கோஜனாக மாறித் தசையிலும் ஈரலிலும் தங்குகிறது. இரண்டிலுமாக ஏறக்குறைய நானூறு, ஐந்நூறு கிராம். இரண்டாயிரம் கலோரி என்று கொள்ளலாம். கடுமையாக மிதித்தால் சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். கொழுப்போ, மெலிந்தவர் உடலிலும் பல்லாயிரம் கலோரி அளவுக்கு இருக்கிறது. அந்தப் பெருங்களஞ்சியத்தைத் திறக்க உடலைப் பழக்கிவிட்டால் நாள் முழுவதும் மிதிக்கலாமே என்பது மைத்துனரின் வாதம். சமவெளியில் மிதமாகச் செல்பவருக்கு அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் ஒரே அளவு பிராணவாயுவைக் கொண்டு கொழுப்பு தரும் ஆற்றல், மாவுச்சத்து தருவதைவிடச் சற்றுக் குறைவு. மூச்சு முட்டும் ஏற்றத்தில் அந்தச் சிறு குறைவு பெரிதாகிவிடுகிறது.

“இரண்டு வாரம் போதாது, நான்கு வாரம் வேண்டும்” என்று அவர் மறுத்தார். நியாயமான மறுப்புதான். அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபின்னி என்னும் மருத்துவ அறிஞர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த மிதிவண்டி வீரர்கள் ஐவர் நான்கு வாரம் மாவுச்சத்தை ஏறக்குறைய அறவே ஒதுக்கினர். மிதமான வேகத்தில் களைத்து விழும்வரை மிதிக்கச் செய்தபோது, முன்பு சராசரியாக 147 நிமிடம், பின்பு 151. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். இந்த ஆய்வை இன்றும் இரு தரப்பாரும் தத்தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். என்னைச் சிந்திக்க வைத்தது அந்தச் சராசரிக்குள் மறைந்திருக்கும் ஐந்து மனிதர்கள். ஒருவர் முன்னைவிட மிக நீண்ட நேரம் மிதித்தார்; வேறு சிலர் முன்னைவிடக் குறைவாகவே மிதித்தனர். முதலாமவர் நூல் எழுதியிருந்தால் ஒரு வேதம் கிடைத்திருக்கும். தோற்றவர் எழுதியிருந்தால் அதற்கு நேரெதிரான மற்றொரு வேதம். இருவரும் பொய்யரல்லர்.

பின்னர் வந்த ஆய்வுகள் என் பக்கம் சாய்ந்தன. 2006-இல் தென்னாப்பிரிக்காவில் நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் சோதித்தபோது, கொழுப்புணவுக்குப் பின் இடையிடையே விரைந்து மிதிக்கும் வலு குறைந்திருந்தது. 2017-இல் ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத்தர நடைப்போட்டி வீரர்களை ஆராய்ந்தனர். மாவுச்சத்து உண்டவர்கள் முன்னேறினர், கொழுப்புணவினர் முன்னேறவில்லை. இவற்றைப் படித்ததும் எனக்குள் எழுந்த மகிழ்ச்சி அறிவைத் தேடுபவனின் மகிழ்ச்சியன்று. வழக்கில் வென்றவனின் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியோடுதான் உறவினர் வீட்டுப் புதுநன்மை விருந்துக்குச் சென்றேன். இலையில் வைத்த பிரியாணியை மைத்துனர் ஒதுக்கி, இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்தார். “தவக்காலத்தில் கூட மச்சான் இப்படி ஒறுத்ததில்லையே!” என்றேன், பந்தி முழுவதும் கேட்கும்படி. எல்லாரும் சிரித்தனர். அவரும் சிரித்தார், பிறகு தலை குனிந்து, ஒதுக்கிய சோற்றில் பாதிக்கு மேல் உண்டார். எனக்கு எதிரே அமர்ந்திருந்த அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பவுலடியார் உணவைப் பற்றிய பூசலொன்றைப் பேசுகிறார். அங்கே பேசப்படுவது சர்க்கரை நோயன்று என்பதை அறிவேன். எனினும் அவர் இரு குற்றங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் நுட்பம் என்னைத் தொட்டது: உண்பவனுக்கு உரிய சோதனை உண்ணாதவனை இழிவாக எண்ணுவது; உண்ணாதவனுக்கு உரியது உண்பவனுக்குத் தீர்ப்பிடுவது. கணவாயில் அவர் செய்தது இரண்டாவது. பந்தியில் நான் செய்தது முதலாவது, அது கொடியதும்கூட. அவருடைய தவற்றால் எனக்கு ஒரு மணி நேர மயக்கம். என் தவற்றால் அவர் தமக்கு நஞ்சென்று அறிந்ததை உண்டார்.

இந்த மண்ணில் சோறு வெறும் மாவுச்சத்தாக இருந்ததில்லை என்பதும் இதில் சேர்கிறது. 1895-இல் பெரியாறு அணை நீர் வந்த பிறகு மேலூர்ப் பக்கம் நெல் செழித்தது. உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களிலோ கம்பும் சோளமும் கேழ்வரகுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு திருநாளுக்குரியது. என் மாமியார் அக்காலத்தவர். மகன் சோற்றை ஒதுக்கும்போதெல்லாம் பெற்ற வயிற்றில் அடிப்பதாகவே அவர் உணர்கிறார். 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. முட்டையும் பாதாமும் அப்படிக் கிடைப்பதில்லை. விடியலில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மிதித்துச் செல்பவரிடம் போய் அரிசியை விடச் சொல்வதற்குமுன் மைத்துனரும் சற்று யோசிக்க வேண்டியிருந்தது.

விருந்து முடிந்த மறுவாரம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவர் அதைப் பற்றிப் பேச விடவில்லை. “சனிக்கிழமை வருகிறீர்களா?” என்றார். சென்றோம். கணவாயின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, தம் பையிலிருந்து இரண்டு வாழைப்பழங்களை எடுத்து நீட்டினார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வாங்கினாராம். நான் உண்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, வழக்கம்போல, எனக்கு முன்னே ஏறிப் போய்விட்டார்.